மருந்துக் குப்பியையும் கையோடு கொண்டு போங்கள்

கால்நடை மருத்துவர் பதில்கள்

கன்றுகளுக்குக் கொம்புக் குருத்து சுடுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "மயக்க ஊசி போடும் நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுவதும் அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேள்வி: கன்றுக்கு மயக்க ஊசி போடும்போது அது துள்ளியதில் என் மகனின் கட்டைவிரலில் ஊசி குத்திவிட்டது. ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்காது என்றார் வந்திருந்த மருத்துவர். ஆனால் பையன் சாயங்காலம் வரை தூங்கித் தூங்கி விழுந்தான். வாய் உலர்ந்து கிடந்தது. மறுநாள் சரியாகிவிட்டான். மாட்டுக்குப் போடும் மருந்து மனுஷனை என்ன செய்யும் என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?

பதில்: பையன் நன்றாக இருக்கிறான் என்ற செய்தியோடு உங்கள் கடிதம் வந்ததே, அம்மா, அதற்கே எனக்கு நிம்மதி. ஆனால் உங்கள் கணவர் சொல்வது சரியில்லை.

கன்றுக்குப் போட்டது அநேகமாகச் சைலசீனாக இருக்கும். மாடு, குதிரை வைத்தியத்தில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மயக்க மருந்து அது. 1962-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவாக்கியபோது, மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுமா என்றுதான் பார்த்தார்கள். அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தது, மூளையையும் மந்தப்படுத்தியது. மனிதர்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம்தான் அது கால்நடை மருந்தானது. மனுஷனை அது என்ன செய்யும் என்று அன்றைக்கே பார்த்தாயிற்று.

பெரிய பிராணிக்குப் போடும் மருந்து சிறிய உடம்பில் வேலை செய்யாது, அல்லது பெரிய உடம்புக்கு நிறைய மருந்து வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சைலசீனில் அந்தக் கணக்கு எடுபடாது. மாட்டுக்குக் கொடுப்பதைப் போலக் குதிரைக்கு எடைக்கு எடை ஏறத்தாழ 10 மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். பன்றியோ அவ்வளவு எளிதில் மசியாது. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கணக்கு. மனிதனுக்கென்று எந்தக் கணக்கும் குப்பியின் லேபிளில் இருக்காது, ஏனென்றால் மனிதனுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. அந்த "ஒரு சொட்டு" எந்தக் குப்பியிலிருந்து வந்த சொட்டு? சைலசீன் மி.லி.க்கு 20 மில்லிகிராம் உள்ள குப்பியாகவும் வருகிறது, 100 மில்லிகிராம் உள்ள குப்பியாகவும் வருகிறது. நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே அளவு சொட்டில் ஐந்து மடங்கு வித்தியாசம். உங்கள் மகனுக்கு வந்த தூக்கமும் வாய் உலர்வும் மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. அன்றே ஆஸ்பத்திரியில் காட்டி, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே சில மணி நேரம் வைத்திருந்திருக்க வேண்டும். வந்திருந்த மருத்துவர் இதை உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். இதைச் சொல்வது எங்கள் கடமை.

கேள்வி: நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். உங்களுக்கு எப்போதாவது மயக்க ஊசி குத்தியிருக்கிறதா, சார்? குத்திவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? பெட்டியில் இருக்கும் முறிவு மருந்தான அட்டிபமெசோலை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: குத்தியிருக்கிறது, தம்பி. அதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்து 14 வருடம் ஆகியிருந்தது. பின்னங்காலில் கம்பி கிழித்த ஒரு பெண் குதிரைக்குத் தையல் போடப் போயிருந்தேன். 100 மில்லிகிராம் குப்பியிலிருந்து சிரிஞ்சில் ஏற்றினேன். ஒரு கையில் கயிறு இருந்ததால் ஊசியின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தேன். நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. கழுத்தில் ரத்தக் குழாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது குதிரை உடம்பைத் திருப்பித் தள்ளியது. நான் பின்னால் சாய, ஊசி என் இடது தொடையில் இறங்கியது. பிடுங்கிப் பார்த்தேன். சிரிஞ்சில் கிட்டத்தட்ட ஒரு மி.லி. குறைந்திருந்தது. அது முழுவதும் உள்ளே போயிற்றா, பேன்ட் துணியில் சிந்தியதா, தெரியவில்லை. துணி ஈரமாகத்தான் இருந்தது.

என்னோடு வந்த உதவியாளனுக்கு அப்போது 19 வயது. நான் தொடையைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "சார், குத்திடுச்சா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். குதிரைக்காரர் பக்கத்தில் நின்றார். 14 வருட அனுபவம் உள்ளவன் தன் தொடையிலேயே குத்திக்கொண்டான் என்று தெரிய வேண்டாம் என்ற கூச்சம். இரண்டு தையல் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. புதிய ஊசி ஏற்றி, குதிரைக்குப் போட்டு, காயத்தைக் கழுவ ஆரம்பித்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தையல் ஊசியை இடுக்கியில் பிடிக்க மூன்று தடவை முயன்றேன், பிடிபடவில்லை. குதிரைக்காரர் ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது, பதில் வாய்க்கு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் என் கண்மணிகள் ஊசிமுனை போலச் சுருங்கியிருந்ததைப் பார்த்து, அபின் வகைப் போதை மருந்து என்று சந்தேகப்பட்டார்கள். அப்படிச் சந்தேகப்பட்டது சரிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அபின் வகைக்கு முறிவு மருந்தான நலாக்சோன் போட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நாடி 38. சர்க்கரை 260-க்கு மேல். இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் அந்தப் பையன் சட்டைப் பையிலிருந்து சைலசீன் குப்பியையும், மூடி போட்ட சிரிஞ்சையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். "சார் இல்லன்னுதான் சொன்னார். ஆனா தொடையைத் தேய்ச்சார்" என்றானாம். பணியில் இருந்த மருத்துவர் லேபிளைப் படித்துவிட்டு விஷமுறிவுத் தகவல் மையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மெதுவான நாடி, தாழ்ந்த அழுத்தம், சுருங்கிய கண்மணி, ஏறிய சர்க்கரை, நலாக்சோனுக்கு அசையாத மயக்கம் எல்லாமே அந்த ஒரு பெயரில் அடங்கிவிட்டன. இன்சுலினைச் சுரக்கும் செல்களையும் இந்த மருந்து அடக்கிவிடும். சர்க்கரை ஏறியது அதனால்தான். சலைனும், நாடியை ஏற்றும் அட்ரோபினும் கொடுத்து, இதயத் துடிப்பைத் திரையில் கவனித்துக்கொண்டே இரவு முழுவதும் வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குத்திய அந்த நொடியிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம், எவ்வளவு குறைந்தது, மணி என்ன என்று நாலையும் சொல்லிவிடுங்கள். இன்னும் கால் மணி நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம். வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். நின்றுகொண்டிருந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்து மண்டை உடையும். குத்திய இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வாய் வைத்து உறிஞ்சவோ அறுத்துவிடவோ வேண்டாம். வண்டியை நீங்கள் ஓட்டவே கூடாது. குப்பியும் சிரிஞ்சும் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மயங்கிவிட்டால் கூட இருப்பவர் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு நின்றால் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டும். இதை உங்கள் உதவியாளருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பிராணியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே போல.

அட்டிபமெசோல் வேண்டாம். நாய் பூனைக்கு அது அருமையான முறிவு மருந்து, கண் முன்னாலேயே எழுந்து உட்காரும். ஆனால் இந்த வகை மருந்தின் நஞ்சுக்கு மனிதர்களில் அதை வழக்கமான சிகிச்சையாக யாரும் பயன்படுத்துவதில்லை. யோஹிம்பின், டோலசோலின் என்ற மற்ற கால்நடை முறிவு மருந்துகளும் அப்படித்தான். மனிதர்களுக்குச் சிகிச்சை என்பது மூச்சையும் நாடியையும் அழுத்தத்தையும் தாங்கிப் பிடிப்பது. மருந்து உடம்பை விட்டுப் போகும் வரை காவல் இருப்பது. அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும்.

அந்தப் பையன் இன்றைக்குச் சொந்தமாகப் பால்பண்ணை நடத்துகிறான். நானோ அன்றிலிருந்து ஊசி மூடியைப் பல்லில் வைத்ததில்லை. மயக்க மருந்து ஏற்றிய சிரிஞ்சில் சிவப்பு ஒட்டுத் தாள் சுற்றி, பெயரும் அளவும் எழுதாமல் கையில் எடுத்ததும் இல்லை.

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இப்படி ஒருவர் வந்தால், குப்பி கையில் இல்லாவிட்டால், நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மேலே என் கதையில் பாதி பதில் இருக்கிறது, சகோதரி. நாடி, அழுத்தம், கண்மணி, சர்க்கரை இந்த நான்கும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் அழுத்தம் ஏறிக்கூடக் காட்டலாம், ஏமாறாதீர்கள். வழக்கமான சிறுநீர் போதைப் பரிசோதனையில் சைலசீன் தெரியாது. "டெஸ்ட் சுத்தமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த டெஸ்ட் எந்தெந்த மருந்துகளைத் தேடுகிறது என்று கேளுங்கள். நலாக்சோனைத் தயங்காமல் கொடுக்கலாம், அபின் வகையும் கலந்திருந்தால் அது உயிரைக் காக்கும். பலன் இல்லை என்றால் அதுவே ஒரு தடயம். கூட வந்தவர்களிடம் தொழில் என்ன, வீட்டில் மாடு, குதிரை உண்டா, இன்று கால்நடை மருத்துவர் வந்தாரா என்று கேளுங்கள். சட்டைப் பையில் வைக்கோல் ஒட்டியிருந்தால்கூடக் கேளுங்கள்.

மருந்தின் பெயர் தெரியாமல் மருத்துவர்கள் தவித்ததற்கு உலகம் கண்ட பெரிய உதாரணம் 2002 அக்டோபரில் மாஸ்கோ தியேட்டரில் நடந்தது. பணயக்கைதிகளை மீட்க ரஷ்யப் படையினர் உள்ளே வாயுவைச் செலுத்தினார்கள். 120-க்கும் மேற்பட்ட பணயக்கைதிகள் இறந்தார்கள். வாயு என்ன என்பது சிகிச்சை கொடுத்தவர்களுக்கு நேரத்தில் சொல்லப்படவில்லை. உயிர் பிழைத்த பிரிட்டன் நாட்டவர்களின் துணியிலும் சிறுநீரிலும் கிடைத்த தடயங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கார்ஃபென்டனில், ரெமிஃபென்டனில் என்ற இரண்டு அபின் வகை மருந்துகள். இதில் கார்ஃபென்டனில் காட்டு விலங்குகளை வீழ்த்தப் பயன்படும் மயக்க மருந்து. வலி மருந்தான மார்ஃபினைப் போல 10,000 மடங்கு வீரியம் என்பார்கள். நலாக்சோன் அதற்கு வேலை செய்யும். பெயர் உடனே தெரிந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: விலங்குக் காட்சிசாலையில் வேலை செய்கிறேன். மயக்க அம்பு எய்யும்போது சில அம்புகள் குறி தவறிப் புதரில் விழுகின்றன. தேடி எடுத்து வருவது எங்கள் வேலை. கையுறை எல்லாம் எதற்கு, ஊசி குத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் மூத்த ஊழியர்.

பதில்: அந்த மூத்த ஊழியருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள், தயவுசெய்து.

அம்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள் (காலியான, கழுவிய அம்பை). ஊசியின் முனை அடைத்திருக்கும், பக்கவாட்டில் ஒரு சிறிய துளை. அந்தத் துளையின் மேல் ஒரு சிலிக்கோன் உறை. பின்னறையில் காற்றை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். விலங்கின் தோலில் ஊசி இறங்கும்போது உறை பின்னுக்கு நகர்கிறது, துளை திறக்கிறது, காற்று மருந்தைத் தள்ளுகிறது. குறி தவறிய அம்பில் இது எதுவும் நடக்கவில்லை. காற்று அதே அழுத்தத்தோடு உள்ளே காத்திருக்கிறது. புதரிலிருந்து இழுக்கும்போது ஒரு சுள்ளி அந்த உறையை நகர்த்தினால் போதும், மருந்து உங்கள் முகத்தில் பீய்ச்சும். ஊசி யாரையும் குத்தவில்லை, ஆனால் மருந்து கண்ணிலும் உதட்டிலும் இருக்கிறது.

உள்ளே இருப்பது எட்டார்ஃபின் என்ற அபின் வகை மயக்க மருந்து என்றால் அது போதும். 1960-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான மருந்து இது. மார்ஃபினைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம். யானையைப் படுக்க வைக்கச் சில மில்லிகிராம்கள் போதும். வாய், கண், வெடித்த தோல் எதன் வழியாகவும் உள்ளே போகும். ஊசி தவறிக் குத்தியதில் கால்நடை மருத்துவர் இறந்ததும் உண்டு. அதனால்தான் இந்த மருந்தைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது உலகெங்கும் பழக்கம். நலாக்சோனைச் சிரிஞ்சில் ஏற்றத் தயாராக வைத்துக்கொண்டு, அதைப் போடத் தெரிந்த இரண்டாவது ஆள் பக்கத்தில் இருந்த பிறகுதான் எட்டார்ஃபின் குப்பியைத் திறக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முகக் காப்பு கட்டாயம். எத்தனை அம்பு வெளியே போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணி எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடத்தை மூடிவிட்டுத் தேட வேண்டும், பார்வையாளர்களின் குழந்தைகள் நடமாடும் இடம் அது.

விபத்து நடந்துவிட்டால் நலாக்சோன் போட்டு ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நலாக்சோனின் பலன் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒன்று ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. எட்டார்ஃபின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். பேசிக்கொண்டிருந்தவர் மறுபடி மூச்சை மறந்து தூங்கிப் போகலாம். விலங்குகளை எழுப்ப வைத்திருக்கும் டைப்ரெனார்ஃபினை மனிதர்களுக்கு முதல் மருந்தாக எடுக்காதீர்கள், அதுவே ஓரளவு அபின் போல நடந்துகொள்ளும்.

கேள்வி: "ஜாம்பி மருந்து" என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தோல் அழுகி, குனிந்தபடி நிற்கிறார்கள். இது குதிரை மயக்க மருந்தாமே? என் மகன் வெளிநாட்டில் படிக்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: அதே சைலசீன்தான். 2000-களின் தொடக்கத்திலிருந்தே போர்ட்டோ ரிக்கோவில் போதை மருந்தில் கலந்து வந்தது. அங்கே அதன் தெருப்பெயருக்கே "குதிரை மயக்க மருந்து" என்றுதான் அர்த்தம். அப்புறம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்தோடு கலந்து பரவியது. 2023 ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகம் இந்தக் கலவையை "எழுந்துவரும் அச்சுறுத்தல்" என்று அறிவித்தது. ஊசி போட்ட இடத்தில் மட்டுமல்ல, போடாத கை கால்களிலும் ஆறாத புண்கள் வருகின்றன. 2024-இலிருந்து மெடிட்டோமிடின் என்ற இன்னொரு கால்நடை மயக்க மருந்தும் அங்கே கலக்கிறது. அதை உடம்பு பழகிவிட்டால், திடீரென்று நிறுத்தும்போது அழுத்தமும் நாடியும் தாறுமாறாக ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாகிறது.

அந்த மனிதர்களை "ஜாம்பி" என்று சொல்லாதீர்கள், அம்மா. அவர்களில் பலர் சைலசீனைத் தேடிப் போகவில்லை. வாங்கிய பொடியில் அது இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. என் தொடையில் இறங்கிய அதே மருந்துதான் அவர்கள் உடம்பிலும். எனக்குப் படுக்கை கிடைத்தது, அவர்களுக்குக் கேமரா கிடைத்தது. மகனிடம் பயமுறுத்தாமல் பேசுங்கள். யாராவது மூச்சு மந்தமாகிக் கிடந்தால் அவசர உதவியைக் கூப்பிடவும், நலாக்சோன் கொடுக்கவும், எழுந்திருக்காவிட்டாலும் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தபடி கூடவே இருக்கவும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: நாய் பூனை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். அறுவை அறையில் நிற்கலாமா?

பதில்: முதலில் உங்கள் மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை வெளியேற்றும் குழாய் அமைப்பு சரியாக இருந்து, சுவாசக் குழாயின் பலூன் கசியாமல் இருந்தால் ஆபத்து குறைவு. முகமூடி வைத்து மயக்குவதும், மயக்கக் கருவியில் திரவம் நிரப்புவதும்தான் அதிகம் கசியும் வேலைகள். அந்த இரண்டையும் வேறு ஒருவர் செய்யட்டும். இந்த வகை வாயுக்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1977-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 2 பங்கு. வாசனை மூக்குக்குத் தெரிகிறது என்றால் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மெடிட்டோமிடின், டெட்டோமிடின் என்ற மயக்க ஊசிகளையும் தொடாதீர்கள். தவறிக் குத்திக்கொண்டால் கருப்பை சுருங்கவும், குழந்தையின் ரத்த அழுத்தம் குறையவும் கூடும். குதிரைக்கு நாக்கின் அடியில் தடவும் டெட்டோமிடின் ஜெல்லை ஊசி இல்லாததால் பயமில்லை என்று வெறும் கையால் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குதிரையின் வாய்த்தோல் வழியாகப் போகும் மருந்து உங்கள் கண்ணிலோ உதட்டிலோ பட்டாலும் உள்ளே போகும்.

கேள்வி: கருணைக் கொலை செய்த மாட்டின் உடலை நாய்களுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. கருணைக் கொலைக்குப் போடும் பென்டோபார்பிட்டல் மருந்து சடலத்தில் நெடுநாள் அழியாமல் இருக்கும். அப்படிப்பட்ட சடலத்தைத் தின்று நாய்களும் கழுகுகளும் செத்திருக்கின்றன. மனிதர்களும் சாப்பிடக் கூடாது. ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரியுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவர் அடுத்த தடவைக்கு ஆகும் என்று பாதி மயக்க மருந்துக் குப்பியைத் தொழுவத்து மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருடமாகிறது. இன்னும் பயன்படுமா?

பதில்: மருந்து பயன்படுமா என்பதை விடுங்கள், அது அங்கே இருக்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும். லேபிள் மங்கினால் வேறு மருந்து என்று நினைத்து நீங்களே கன்றுக்குப் போடுவீர்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். வீட்டில் யாராவது மனம் உடைந்து கிடக்கும் ஒரு இரவில் அந்தக் குப்பி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே இந்த மருந்துகளால் தங்கள் உயிரை முடித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னோடு படித்த ஒருவரையும் அப்படி இழந்தேன். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால், இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு மருத்துவரையும் பாருங்கள்.

குப்பியைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், குப்பையில் போட வேண்டாம். கையுறை போட்டு எடுத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, வெளியே மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அப்புறம் உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நான் அவரிடம் பேசுகிறேன்.